நேற்று பக்கத்து மெஷின், இன்று சூப்பர்வைசர்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் தைத்துக்கொண்டிருந்தவரே ஒருநாள் லைன் சூப்பர்வைசராவது உண்டு. தையல் அத்துபடி. ஆட்களை நடத்துவதுதான் புதிது.

முதல் வாரத்திலேயே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பத்து நிமிடம் பேசிவிடுவது நல்லது. அதே பதவியை எதிர்பார்த்து ஏமாந்தவர் யாராவது இருந்தால் முதலில் அவரிடம் போக வேண்டும். சமாதானப் பேச்செல்லாம் எடுபடாது. புது ஆட்களுக்குப் பழக்கிவிடும் பொறுப்பு மாதிரி ஏதாவது உருப்படியாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

சேர்ந்து டீ குடிப்பதை நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது வம்பை.

நெருங்கிய தோழி கேட்கும் முதல் பர்மிஷனில்தான் பலரும் சறுக்குகிறார்கள். லீவு, ஓவர்டைம், சுலபமான ஆபரேஷன் யாருக்கு என்பதையெல்லாம் ஒரு நோட்டில் முறைவைத்து எழுதினால், ‘அவளுக்கு மட்டும் ஏன்?’ என்ற கேள்விக்கு நோட்டே பதில் சொல்லும். ஆல்டர் பீஸ் குவிந்தாலும் லைன் நடுவே கத்தக் கூடாது. மெஷின் அருகே போய், எந்தத் தையல் விலகியது என்று காட்டினால் போதும். நேற்றுவரை சமமாக இருந்தவர் கத்தினால் வலி இரட்டிப்பு.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரைத் ‘தொழிலாளி’ என்ற வரையறையில் சேர்ப்பதில்லை. ஆகவே பதவி உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்முன் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் தொடருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.