உஸ்மானியாவும் ஐதராபாத்தும்

செகந்திராபாத்திலிருந்து காச்சிகுடா நோக்கிச் செல்லும் உள்ளூர்த் தொடர்வண்டி, சீதாபல்மண்டியைக் கடந்ததும் அடுத்தடுத்து மூன்று நிலையங்களில் நிற்கும். ஆர்ட்ஸ் காலேஜ், ஜாமியா உஸ்மானியா, வித்யாநகர் என்பன அவற்றின் பெயர்கள். முதற்பெயர் ஆங்கிலம். இரண்டாம் பெயரிலுள்ள ‘ஜாமியா’ பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் அரபுச் சொல். மூன்றாவது வடமொழி வழிப் பெயர். கல்விநகர் என்பது அதன் பொருள். மாணவர்களே, உங்களுள் பலர் இவ்வழியே நாள்தோறும் செல்கிறீர்கள். கல்விக்கு இத்தனை மொழிகளில் பெயரிட்ட ஊரில், எந்த மொழியில் கற்பிப்பது என்னும் வினா ஒரு காலத்தில் பெரிதாக எழுந்தது. அதனை அறியவே இப்பாடம்.

ஐதராபாத்தின் உயர்கல்வி உஸ்மானியாவுடன் தொடங்கவில்லை. 1887ஆம் ஆண்டிலேயே நிஜாம் கல்லூரி நிறுவப்பெற்றது. அது சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. நிஜாமின் தலைநகரில் படித்த மாணவன், வங்கக் கடலோரத்துச் சென்னையில் உருவான வினாத்தாளுக்கு ஆங்கிலத்தில் விடை எழுதினான். 1947இல்தான் அக்கல்லூரி உஸ்மானியாவின் உறுப்புக் கல்லூரியாயிற்று. தமிழ் படிக்கும் நமக்கு இச்செய்தி சற்று நெருக்கமானது. நமக்கும் இவ்வூருக்கும் இடையேயான கல்வித் தொடர்பு நாம் எண்ணுவதினும் பழையது.

ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலிகானின் ஆணையால் உஸ்மானியா பல்கலைக்கழகம் 1918இல் தோன்றியது. பஷீர்பாக்கில், நிஜாம் கல்லூரிக்கு அருகே, 225 மாணவரும் 25 ஆசிரியருமாக அது தொடங்கிற்று. மாணவர் எண்ணிக்கை சிறிது. ஆயின் எடுத்துக்கொண்ட பணி மிகப் பெரிது. வரலாறு, தத்துவம், கணிதம், வேதியியல், பின்னர் மருத்துவம், பொறியியல் என அனைத்தையும் உருது மொழியிலேயே கற்பிப்பது என முடிவு செய்தனர். ஆங்கிலம் கட்டாயப் பாடமாக மட்டும் நின்றது. உயர்கல்வி என்றாலே ஆங்கிலம் என்றிருந்த காலத்தில், இந்திய மொழியொன்றை இவ்வளவு துறைகளுக்கும் பயிற்றுமொழியாக்கியது பெருந்துணிவு.

பாடநூலே இல்லாத மொழியில் பாடம் நடத்துவது எங்ஙனம்? இதற்கெனப் பல்கலைக்கழகம் திறப்பதற்கு முன்பே, 1917இல், மொழிபெயர்ப்பு நிலையம் ஒன்றை அமைத்தனர். ‘தாருல் தர்ஜுமா’ என்பது அதன் பெயர். உருது அறிஞர் மௌல்வி அப்துல் ஹக் அதன் முதல் தலைவர். ஆங்கில நூல்களை மொழிபெயர்க்க அமர்ந்தவர்கள் முதலில் இடறியது கலைச்சொற்களில்தான். புதிய சொற்களை அரபு, பாரசீக வேர்களிலிருந்து ஆக்குவதா, மக்கள் நாவில் வழங்கும் எளிய சொற்களைக் கொள்வதா, அன்றி ஆங்கிலச் சொல்லையே எழுத்துமாற்றி வைத்துக்கொள்வதா? வஹீதுத்தீன் சலீம் என்னும் பேராசிரியர் கலைச்சொல்லாக்க நெறிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

இவ்விவாதம் தமிழர்க்குப் புதிதன்று. ‘பிராணவாயு’ என்பதா, ‘உயிர்வளி’ என்பதா, ‘ஆக்சிஜன்’ என்பதா என நாமும் நெடுங்காலம் வழக்காடியிருக்கிறோம். உஸ்மானியாவுக்கு அரை நூற்றாண்டு முன்பே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன் 1860களில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். பின்னர்ப் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வெளிவந்தது. தொடங்கியவர் வேறு, இடம் வேறு. ஆயினும் இவர்கள் அனைவர் மேசையிலும் ஒரே சிக்கல்தான் கிடந்தது.

இங்கே நடுநிலையோடு ஒன்றைக் கூறவேண்டும். உருது இந்திய மொழியே. ஆயினும் அன்றைய ஐதராபாத்து அரசின் குடிமக்களில் பெரும்பாலோர்க்கு அது தாய்மொழி அன்று. தெலுங்கு, மராத்தி, கன்னடம் பேசியோரே மிகுதி. வாரங்கல் சிற்றூரிலிருந்து வந்த தெலுங்கு மாணவனுக்கு ஆங்கிலம் எவ்வளவு அயலோ, உயர்தர உருதுவும் ஏறத்தாழ அவ்வளவு அயலாகவே இருந்திருக்கும். ‘தாய்மொழிக் கல்வி’ என்று பேசும்போது யாருடைய தாய்மொழி என்று உடன் கேட்கவேண்டும். உஸ்மானியாவின் முயற்சியைப் போற்றுவோர் பலர் இவ்வினாவைக் கேளாமலே சென்றுவிடுகின்றனர்.

1948இல் ஐதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பின்னர், பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. முப்பதாண்டு உழைப்பில் விளைந்த மொழிபெயர்ப்பு நூல்கள் வகுப்பறையிலிருந்து நூலகத்துக்குச் சென்றன.

இனி வளாகத்துக்குள் செல்வோம். கலைக்கல்லூரிக் கட்டடம் 1934இல் அடிக்கல் இடப்பெற்று 1939இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் இரு பொறியாளர்களை உலகச் சுற்றுப்பயணம் அனுப்பிப் பல்கலைக்கழகக் கட்டடங்களைப் பார்த்துவரச் செய்தனர். பெல்ஜிய நாட்டவரான எர்னஸ்ட் ஜாஸ்பர் வடிவமைத்தார். இளஞ்சிவப்புக் கருங்கல்லால் எழுந்த அதன் நுழைவு வளைவு இசுலாமியக் கட்டடக்கலை சார்ந்தது. உள்ளே தூண்களைப் பாருங்கள், அஜந்தாவும் எல்லோராவும் நினைவுக்கு வரும். மாலை வேளையில் வெயில் சாயும்போது அக்கல் நிறம் மாறுவதைக் காண ஒருமுறை சென்றுவாருங்கள்.

அக்கட்டடத்தின் முன்வெளி அமைதியாகவே இருந்ததில்லை. 1938இல் விடுதி மாணவர்கள் ‘வந்தே மாதரம்’ பாடத் தலைப்பட்டனர். தடை வந்தது, தடையை மீறியோர் நீக்கப்பட்டனர். அவர்களுள் பலரை நாகபுரிப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. படிப்பைத் தொடர அவர்கள் ஊரைவிட்டே போகவேண்டியிருந்தது. 1969இல் தனித் தெலங்கானா கோரிக்கைக்காகவும், நாற்பதாண்டுகளுக்குப் பின் அதே கோரிக்கைக்காகவும் மாணவர் இவ்விடத்தில் திரண்டனர். 2014 ஜூன் 2ஆம் நாள் தெலங்கானா மாநிலம் பிறந்தது.

இன்று விடுதி வாழ்க்கையின் முதற்பாடம் உணவுக்கூடத்தில்தான். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த மாணவனிடம் ‘பெருகு’ வேண்டுமா என்று கேட்டால், எது பெருகும் என்று விழிப்பான். தெலுங்கில் அது தயிர். பருப்பு ‘பப்பு’ ஆகும். போதும் என்பதற்கு ‘சாலு’ என்பர். நம் செய்யுளில் ‘சாலும்’ என்று படித்துப் பொருள் எழுதிய வேர், இங்கே பந்தியில் உயிரோடு உலவுகிறது. பணிமாற்றத்தில் இங்கு வந்த எனக்கு, இலக்கண நூல் தராத மகிழ்ச்சியை இச்சொல் தந்தது. தெருவிலோ தக்கனி உருது. வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பதை ஒரே வாரத்தில் கற்றுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகள் மூடியிருக்க, அபிட்ஸ் நடைபாதைகளில் பழைய நூல்கள் விரிக்கப்படும். கையில் குறைந்த பணமே உள்ள மாணவனுக்கு அதுவே பெருநூலகம். அருகே கோட்டியில் பாடநூல்களைப் பழைய விலைக்கு வாங்கலாம். அங்கேயே, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பேராளர் கிர்க்பாட்ரிக் எழுப்பிய மாளிகையில் 1949 முதல் மகளிர் கல்லூரி இயங்கிற்று. இன்று அது மகளிர் பல்கலைக்கழகம். களைத்தபின் ஈரானித் தேநீரும் உஸ்மானியா பிஸ்கட்டும். வடிநீரைத் தனியே நெடுநேரம் கொதிக்கவைத்து, சுண்டக் காய்ச்சிய பாலோடு கலப்பது அத்தேநீரின் முறை. 1591இல் எழுந்த சார்மினாரும், கோல்கொண்டாவும், சாலார்ஜங் அருங்காட்சியகமும் யாவரும் அறிந்தவை. அவற்றைப் பிறிதொரு பாடத்தில் காண்போம். வீட்டு நினைவு வந்த தமிழ் மாணவர் செல்வது, பெரும்பாலும் பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன் கோயிலுக்கு.

அருஞ்சொற்பொருள்

பயிற்றுமொழி – பாடம் கற்பிக்கப் பயன்படும் மொழி
கலைச்சொல் – துறைசார்ந்த சிறப்புச் சொல்
எங்ஙனம் – எவ்வாறு
வழக்காடுதல் – வாதிடுதல்
சாலும் – போதும், பொருந்தும்

பயிற்சி

1. நிஜாம் கல்லூரிக்கும் சென்னைக்கும் இருந்த தொடர்பு யாது?
2. பல்கலைக்கழகத்துக்கு முன்பே மொழிபெயர்ப்பு நிலையம் அமைக்கப்பட்டது ஏன்?
3. ‘யாருடைய தாய்மொழி என்று உடன் கேட்கவேண்டும்’ என ஆசிரியர் கூறுவதை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தந்து பத்து வரிகளில் எழுதுக.
4. உங்கள் அறிவியல் பாடநூலிலிருந்து ஐந்து கலைச்சொற்களைத் தேர்ந்து, அவற்றுக்கு உரிய தமிழ்ச் சொற்களையும் தெலுங்குச் சொற்களையும் வகுப்புத் தோழரிடம் கேட்டு எழுதுக.