பழைய காருக்குப் புது டயர்: தேதியைப் பார்த்து வாங்குங்கள்

ஹைதராபாத்தில் ஏபி 09, ஏபி 28 எண்பலகையோடு இன்னும் நல்ல ஓட்டத்தில் இருக்கும் மாருதி 800, ஆல்டோ, பழைய ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாரத் ஸ்டேஜ் 4 முதலில் வந்த 13 நகரங்களில் ஹைதராபாத்தும் ஒன்று என்பதால், 800-இன் விற்பனை இங்கே 2010 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. இந்த வயதுக் கார்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம், ரைது பஜார் என்று கொஞ்ச தூரமே போய்வரும். பட்டன் அதிகம் தேயாது. ஆனால் ரப்பர் வெயிலில் காய்ந்து இறுகிப் போயிருக்கும். எனவே பட்டனை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டரைத் தொட்டாலும் சரி, பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தாலும் சரி, மாற்ற வேண்டியதுதான். பட்டன் எவ்வளவு இருந்தாலும் 10 ஆண்டானால் கழற்றிவிடச் சொல்கிறது மிஷெலின். இந்த ஊர் மே மாத வெயிலுக்கு என் கணக்கு 6 ஆண்டு.

பலரும் கோட்டைவிடுவது கடையில்தான். 12, 13 அங்குல டயர்களைக் கேட்டு வருகிறவர்கள் இப்போது குறைவு. அதனால் அவை பரணிலேயே கிடக்கும். நீங்கள் புதிது என்று காசு கொடுத்து வாங்குவது ஏற்கெனவே மூன்று வயதானதாக இருக்கலாம். ராணிகஞ்சில் ஆகட்டும், உங்கள் தெருமுனையில் ஆகட்டும், "கொத்த ஸ்டாக் சார்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, டயரை வெளிச்சத்துக்கு உருட்டி வரச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதம். இந்த நான்கு இலக்கம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். ஒரு பக்கம் பார்த்துக் காணோம் என்றால் புரட்டிப் பாருங்கள். ரிம்மில் ஏற்றிய பிறகு அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால், காருக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே ஏற்றுவதற்கு முன்பே எல்லா டயரையும் பாருங்கள், ஒன்றைக் காட்டி மற்றவற்றை ஏற்றிவிட விடாதீர்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் வாங்குங்கள். ஓராண்டு தாண்டியிருந்தால் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வேண்டாம். புதிதாக வரவழைக்கச் சொல்லி ஒரு வாரம் காத்திருங்கள். பில்லில் டயரின் வரிசை எண்ணையும் எழுதி வாங்குங்கள், வாரண்டிக்கு அதுதான் ஆதாரம்.

அளவு கிடைக்கவில்லை என்று பக்கத்து அளவைத் தலையில் கட்டுவது அடுத்த தொல்லை. 800-க்கு 145/70 ஆர்12. "அது இல்லை, ஆல்டோவோட 145/80 போடுங்க, ரிம் ஒண்ணுதானே" என்பார்கள். ரிம் ஒன்றுதான், ஆனால் வெளிவிட்டம் 508-இலிருந்து 537 மில்லிமீட்டராகிவிடும், கிட்டத்தட்ட 6 சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 63-க்கு மேல் போவீர்கள், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உரசவும் கூடும். விட்ட வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஸ்விஃப்டில் 165/80 ஆர்14-க்குப் பதில் 185/70 ஆர்14 போடலாம், இரண்டையும் கம்பெனியே கொடுத்தது, விட்டமும் ஒரு சதவீதம்கூட மாறாது. எடைக் குறியீடு பழைய டயரில் இருப்பதற்குக் குறையக் கூடாது. வேகக் குறியீட்டுக்கும் அதே விதிதான், ஆனால் கூடுதலாகத் தேடிக் காசைக் கொட்ட வேண்டாம். எஸ் என்றாலே 180 கிலோமீட்டர், அவுட்டர் ரிங் ரோட்டின் வரம்போ 120.

பிராண்ட் பற்றி என்னிடம் கேட்டால், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள எந்த நல்ல கம்பெனியும் போதும். கறுப்பு பாலிஷ் போட்ட செகண்ட் ஹேண்ட் டயர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

இரண்டு மட்டும் மாற்றுகிறீர்களா? புதியவை பின்னால் போக வேண்டும். முன்சக்கரம்தான் சீக்கிரம் தேய்கிறது என்று மெக்கானிக் முன்னால் போடப் பார்ப்பார், விடாதீர்கள். மழைநீர் தேங்கிய சாலையில் முன்டயர் வழுக்கினால் கார் நேராக இழுக்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின்டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதை மீட்பது பழகிய டிரைவருக்கே கடினம்.

ஏற்றும்போது ரிம்மின் விளிம்பில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கச் சொல்லுங்கள், டியூப்லெஸ்ஸில் காற்று கசிவது அங்கேதான். ரப்பர் வால்வையும் கையோடு மாற்றிவிடுங்கள், செலவு சொற்பம். பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டும் கட்டாயம். நைட்ரஜன் இலவசம் என்றால் சரி, காசு கேட்டால் வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

கடைசியாக, காற்றழுத்தம். டயரின் சுவரில் எழுதியிருப்பது அது தாங்கும் உச்சம், அந்த அளவுக்கு நிரப்பிவிடாதீர்கள். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் சரி. ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால் காரின் கையேட்டில் இருக்கும். காலையில் கார் ஓடிச் சூடாகும் முன், வீட்டுக்குப் பக்கத்து பங்க்கிலேயே பிடித்துவிடுங்கள். ஸ்டெப்னிக்கும் சேர்த்து.