புகையாத கனலும் உயிரைப் பறிக்கும்

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்கும். 1884 ஜனவரியில் 7.8 டிகிரிவரை போயிருக்கிறது. ஆனாலும் இந்தக் குளிரை மனதில் வைத்து இங்கே யாரும் வீடு கட்டுவதில்லை. குளிர் வந்ததும் கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறோம். விபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

நம்பிக்கை: புகை அடங்கிக் கனிந்த கரியை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கலாம்.

கூடவே கூடாது. புகை நின்ற பிறகும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இரண்டு இளைஞர்கள், பார்பிக்யூ அடுப்பு இருந்த அறையில் தூங்கி உயிரிழந்தார்கள். 2025 நவம்பரில் நம் கர்நாடகத்தின் பெலகாவியில், கரி மூட்டிய அறையில் மூன்று இளைஞர்கள் இறந்தார்கள்.

இந்த நச்சு ஏறுவது தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தொடங்கும். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் படுப்பவர் எழாமலே போகலாம். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை நம்பாதீர்கள்; கார்பன் மோனாக்சைடு பிடித்த ரத்தத்தையும் அது ஆக்சிஜன் உள்ள ரத்தமாகவே எண்ணி 98 என்று காட்டக்கூடும். ஆளைத் திறந்த வெளிக்குத் தூக்கிவந்து 108-ஐ அழையுங்கள்.

கட்டடம் எழும்பும் இடங்களில் தகரக் கொட்டகைக்குள் கரிச்சட்டியோடு படுக்கும் காவலாளிகளை நினைத்தால் மனம் பதறுகிறது. அவர்களுக்குக் கம்பளி வாங்கித் தருவது வேலை கொடுத்தவரின் பொறுப்பு.

நம்பிக்கை: கேஸ் கீசர் கசிந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

வாடை சிலிண்டர் வாயுவில் சேர்க்கப்படுவது. எரியாமல் கசிந்தால்தான் அது மூக்குக்கு எட்டும். கீசர் ஒழுங்காக எரிவதுபோலத் தெரியும்போதே, காற்றில்லாத குளியலறையில் ஆக்சிஜன் குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு உண்டாகும். குளிர்காற்று வருகிறதென்று வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். அட்டையை இன்றே எடுத்துவிடுங்கள். கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.

நம்பிக்கை: ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டினாலும், சுமை மிஞ்சினால் தானாக விழும் எம்சிபி சுவிட்ச் காப்பாற்றும்.

2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது சாதாரண சுமை, விழாது. 6 ஆம்பியருக்கான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரோ மணிக்கணக்கில் சூடேறி இளகித் தீப்பிடிக்கும். சுவரில் உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் நேரடியாக மாட்டுங்கள். மாட்டிய சற்று நேரத்தில் பிளக் கையைச் சுட்டால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை அதைப் பயன்படுத்த வேண்டாம்.

நம்பிக்கை: ஈரத்துணியை ஹீட்டர் மேல் போட்டால் சீக்கிரம் காயும்.

காய்ந்ததும் பற்றிக்கொள்ளும். துணி, திரைச்சீலை, மெத்தை எல்லாம் ஹீட்டரிலிருந்து மூன்றடியாவது தள்ளி இருக்கட்டும். படுக்கும் முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.