பாரிஸ் அடுப்பும் உரும்பிராய்ச் சிலிண்டரும்

கேள்வி: ஐயா, பாரிசில் இருக்கிற தம்பி கப்பலில் அனுப்பின பெட்டிக்குள் ஒரு காஸ் அடுப்பும் வந்தது. நாலு பேர்ணர், மேலே கறுப்புக் கண்ணாடி. எங்கள் சிலிண்டரில் கொழுவி எரித்தால் ஒரு சாண் உயரத்துக்கு மஞ்சள் நெருப்பு எழும்புது. புட்டுப்பானை, தாச்சி எல்லாம் அடிக்கரி பிடித்துப் போச்சு. குமிழைக் குறைத்து வைத்தாலும் சரிவரவில்லை. கடையில் கேட்டால் "உங்கட காஸ் கலப்பு" என்கிறார்கள். அம்மாவோ 2021 இல் ஊரெல்லாம் அடுப்பு வெடித்த கதையைச் சொல்லி, விறகடுப்பே போதும் என்று நிற்கிறா. இன்னொன்று: பற்றவைத்த பிறகு குமிழைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்காவிட்டால் நெருப்பு நூர்ந்து போகுது. அடுப்பு பழுதா, காஸ் பழுதா?
வாசகி ஒருவர், உரும்பிராய்

பதில்: அடுப்பும் பழுதில்லை, காசும் பழுதில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டைக் கொழுவியிருக்கிறீர்கள். ஆனாலும் அதைச் சரிசெய்யும்வரை எரிக்க வேண்டாம். இன்றைக்கே கழற்றி வைத்துவிட்டுப் பழைய அடுப்பைப் போடுங்கள்.

பாரிஸ் வீடுகளுக்கு நிலத்தடிக் குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அதில் பெரும்பகுதி மீதேன். எங்கள் சிலிண்டரில் இருப்பது அழுத்தத்தால் திரவமாக்கிய புரோப்பேனும் பியூட்டேனும். ஒரு லீற்றர் மீதேன் தரும் வெப்பத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேலாக ஒரு லீற்றர் பியூட்டேன் தரும். அழுத்தமும் வேறு. அங்கே குழாயில் 20 மில்லிபார். இங்கே ரெகுலேற்றரைத் தாண்டி வருவது ஏறத்தாழ 30 மில்லிபார். 30 மில்லிபார் என்பது ஓரடி உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். சிலிண்டருக்குள் இருப்பதோ அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். அவ்வளவையும் இறக்கித் தருகிற வேலையை ரெகுலேற்றருக்குள் ஒரு றப்பர்ச் சவ்வும் ஒரு சுருள்வில்லும் செய்கின்றன.

அந்த 30 மில்லிபார் வாயு பேர்ணருக்குள் போகும் வாசலில் ஒரு பித்தளைத் துண்டு திருகப்பட்டிருக்கும். திருத்துகிறவர்கள் அதை ஜெற் என்பார்கள். அதன் நடுவில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த துளை. அடுப்பின் மூளை எதுவென்று கேட்டால் நான் அந்தத் துளையைத்தான் காட்டுவேன். எவ்வளவு வாயு போகவேண்டும் என்பதை மட்டுமல்ல, எவ்வளவு காற்றை இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. துளையிலிருந்து சீறிக்கொண்டு வரும் வாயு தன் வேகத்தால் பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு கலவைக் குழாய்க்குள் பாய்கிறது. இரண்டும் கலந்துதான் பேர்ணரின் சின்னச் சின்னக் கண்களால் வெளியே வருகின்றன. எரியத் தேவையான மிச்சக் காற்றைச் சுவாலை வெளியே வந்தபின் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

முதலில் உள்ளே கலக்கும் காற்றுப் போதுமாக இருந்தால் சுவாலை நீலமாக, உள்ளே கூரான ஒரு கூம்போடு நிற்கும். போதாவிட்டால் எரியாத கரித்துகள்கள் சூடேறி ஒளிர்கின்றன. நீங்கள் காணும் மஞ்சள் அந்தக் கரியின் ஒளி. அதுதான் புட்டுப்பானையின் அடியில் போய் ஒட்டுகிறது. ஒரு பங்கு மீதேன் எரிய ஏறத்தாழ 10 பங்கு காற்றுப் போதும்; பியூட்டேனுக்கு 31 பங்கு வேண்டும். மீதேனுக்காகத் துளைத்த பெரிய துளையால் பியூட்டேனைக் கூடிய அழுத்தத்தில் அனுப்பினால் என்ன நடக்கும் என்று பாருங்கள்: வெப்பக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு மடங்கு எரிபொருள் வெளியேறுகிறது, அதற்கேற்ற காற்று வரவில்லை. குமிழைக் குறைத்தால் சுவாலையின் உயரம் குறையும். ஆனால் வாயுவின் வேகமும் சேர்ந்து குறைவதால் அது இழுக்கும் காற்றும் குறைந்துவிடும். அதனால்தான் உங்களுக்குக் குறைத்தும் சரிவரவில்லை.

கரி பிடிப்பது சட்டி கழுவுகிறவரின் கரைச்சல் மட்டுமல்ல. அரைகுறையாக எரியும் நெருப்பு காபன் மொனொக்சைட்டையும் விடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழைய வீட்டுக் குசினி என்றால் மேலே புகைக்கூடு இருக்கும், பறவாயில்லை. மழைக்கும் வாடைக்காற்றுக்கும் கதவு யன்னலைச் சாத்திவிட்டுச் சமைக்கிற புதுவீட்டுக் குசினியில் இது விளையாட்டில்லை.

இனி, வழி. ஐரோப்பிய அடுப்புகளோடு பெரும்பாலும் ஒரு சின்னப் பொலித்தீன் பையில் சில பித்தளைத் துண்டுகள் வரும். பிரான்சிலும் குழாய் எட்டாத கிராமங்களில் 13 கிலோ பியூட்டேன் சிலிண்டர்தான், அதனால் செய்கிறவர்களே இரண்டு வகை ஜெற்றையும் கொடுத்துவிடுகிறார்கள். என்னவோ உதிரி ஆணி என்று நினைத்து மேசை லாச்சிக்குள் போட்டிருப்பீர்கள், தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றின் முகத்திலும் ஓர் எண் பொறித்திருக்கும். அது துளையின் விட்டம், மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக் கணக்கில். நடுத்தரப் பேர்ணர் ஒன்றுக்கு இயற்கை எரிவாயு என்றால் 97, பியூட்டேன் என்றால் 65 என்ற மாதிரி இருக்கும். இந்த இரண்டு துளைகளின் பரப்பைக் கணக்கிட்டால் ஒன்று மற்றதைப்போல இரண்டேகால் மடங்கு வருகிறது. மேலே சொன்ன இரண்டு மடங்குக் கணக்கோடு அது ஒத்துப்போவதைக் கவனியுங்கள். எந்தப் பேர்ணருக்கு எந்த எண் என்பது அடுப்போடு வந்த புத்தகத்தில் இருக்கும். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் அட்டவணையை வாசிக்கலாம். பியூட்டேனுக்கான வரிசையில் ஜி30 என்றும் 28-30 மில்லிபார் என்றும் போட்டிருப்பார்கள், அதுதான் உங்களுக்கு வேண்டியது. ஜி20 என்ற வரிசை இப்போது பூட்டியிருப்பதற்கு உரியது.

ஜெற் மாற்றுவது பெரிய வேலை இல்லை, ஆனால் அதைத் தெரிந்த ஒருவரிடம் விடுங்கள். குமிழுக்கு அடியில் இருக்கும் சின்னத் திருகையும் அவர் இறுக்கவேண்டும். அதை மறந்தால் சிம்மில் வைத்த நெருப்புப் பெரிதாகவே நிற்கும். பை கிடைக்காவிட்டால் கடையில் யாராவது "துளையைக் கொஞ்சம் அடைத்துத் தாறன்" என்பார்கள். வேண்டாம். தேத்தண்ணிக் கடைகளில் பெரிய அடுப்புக்குப் போடுகிற உயர் அழுத்த ரெகுலேற்றரையும் வீட்டு அடுப்புக்குப் போடாதீர்கள்.

கடைக்காரர் சொன்ன "கலப்பு" விஷயத்துக்கு வருகிறேன். சிலிண்டர் வாயு எப்போதும் கலப்புத்தான். எந்த விகிதத்தில் என்பதே கேள்வி. பியூட்டேன் பூச்சிய பாகைக்குச் சற்றுக் கீழே கொதிக்கும், புரோப்பேன் மறை 42 பாகையில். குளிர்காலத்தில் கனடாவில் ஒரு பியூட்டேன் சிலிண்டரை வெளியே வைத்தால் வாயு எழும்பாது. யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனியிலும் அந்தக் கவலை இல்லை. ஆகவே இலங்கைக்குப் பியூட்டேன் கூடிய கலவைதான் பொருத்தம். 30 பாகை வெயிலில் புரோப்பேன் 20, பியூட்டேன் 80 என்ற கலவை சிலிண்டருக்குள் ஏறத்தாழ மூன்றரை பார் அழுத்தம் தரும். பாதிக்குப் பாதி என்றால் அது ஆறு பாரை நெருங்கிவிடும்.

அம்மா சொல்லும் கதை இங்கேதான் வருகிறது. 2021 இன் கடைசி மாதங்களில் நாடு முழுவதும், வடக்கிலும், காஸ் கசிவும் தீயும் வெடிப்புமாகச் சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன. சனாதிபதி நியமித்த குழுவுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தலைமை தாங்கினார். கலவை விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்று அக்குழு கண்டது. அழுத்தம் கூடியபோது, அதுவரை தாக்குப்பிடித்த பழைய ரெகுலேற்றர்களும் தேய்ந்த வாஷர்களும் வெடித்த றப்பர்க் குழாய்களும் கசியத் தொடங்கின. சிலிண்டர்தான் வெடித்தது என்று ஊரில் பேசினோம். பெரும்பாலான சம்பவங்களில் சிலிண்டர் முழுசாகவே கிடந்தது. பற்றியது வெளியே கசிந்து தேங்கிய வாயு, நொறுங்கியது அடுப்பு. அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. மக்கள் குழாயை மாற்றவில்லை என்று பழியைக் குசினிக்குள் தள்ளிவிட்டது எனக்கு இன்றும் உடன்பாடில்லை. கலவையை மாற்றுகிறவர் வாங்குகிறவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் காஸ் காற்றைவிடப் பாரம் கூடியது. பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் தரையோடு ஊர்ந்து மூலைக்குள் தேங்கும். பாரிஸ் மீதேன் மேலே எழும்பும். ஆகையால் தம்பி அடுத்த பெட்டியில் கசிவு அலாரம் ஒன்று அனுப்பினால், அங்கே மாதிரி முகட்டுக்குக் கிட்டக் கொழுவாமல் தரையோடு வையுங்கள். இந்தக் காசுக்கு உரியதா என்றும் பாருங்கள். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு காஸ் சேர்ந்தாலே பற்றும். இயல்பில் அதற்கு மணமே இல்லை, நாறுவதற்காக மேர்கப்ரான் என்ற பொருளைச் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். அந்த நாற்றம் வந்தால் லைற் சுவிற்ச்சைத் தொடாதீர்கள், நூர்க்கக்கூடத் தொடக்கூடாது. ரெகுலேற்றரைப் பூட்டிவிட்டுக் கதவைத் திறவுங்கள். புது இணைப்பைச் சவர்க்கார நுரை பூசிச் சோதியுங்கள். நெருப்புக்குச்சியைக் கொண்டுபோகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பழைய அடுப்பைத் திரும்பப் போடச் சொன்னேன். அது கனகாலம் சும்மா கிடந்ததென்றால் முதலில் கலவைக் குழாயைப் பாருங்கள். 2022 இல் காஸ் இல்லாமல் எல்லாரும் பனைமட்டைக்கும் ஊமலுக்கும் திரும்பிய மாதங்களில், சும்மா கிடந்த அடுப்புக் குழாய்களுக்குள் குளவி மண்கூடு கட்டியது, சிலந்தி வலை பின்னியது. வழி அடைபட்டால் நெருப்பு "டப்" என்று பின்வாங்கி ஜெற்றடியிலேயே எரியும். கண்ணாடி அடுப்புகள் சில கீழிருந்து சூடேறி நொறுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கண்ணாடி என்றதால் சொல்கிறேன்: தம்பி அனுப்பிய அடுப்பில் ஒடியற்கூழ் காய்ச்சும் பெரிய பானையை வைக்காதீர்கள். பேர்ணரைத் தாண்டி வெளியே நீட்டும் அடி, சூட்டைக் கண்ணாடிக்கே திருப்பி அனுப்பும்.

குமிழை அழுத்திப் பிடிக்கவேண்டி இருப்பது குறை இல்லை. பேர்ணருக்குப் பக்கத்தில் விரல்நகம் உயரத்துக்கு ஒரு கம்பி முனை தெரியும். சூடானதும் அது ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் சில பங்கு மின்சாரத்தை உண்டாக்கும்; காஸ் வால்வைத் திறந்து பிடிக்கும் குட்டிக் காந்தத்துக்கு அது போதும். கூழ் பொங்கியோ வாடை அடித்தோ நெருப்பு நூர்ந்தால் கம்பி ஆறி வால்வு தானே மூடிக்கொள்ளும். இங்கே விற்கும் பல அடுப்புகளில் இது இல்லை. ஐந்து முதல் பத்துச் செக்கன் பிடித்தால் போதும். அதற்கு மேலும் நூர்ந்தால் அந்த முனையில் படிந்த எண்ணெயைத் துடைத்துப் பாருங்கள்.

பொறி பறக்கும் பொத்தானுக்குப் பிரெஞ்சுப் பிளக் இருந்தால் அது எங்கள் சொக்கற்றில் பொருந்தாது. அடப்ரர் வாங்கும்வரை நெருப்புக்குச்சியால் பற்றவைக்கலாம். குச்சியைப் பற்றவைத்துப் பேர்ணருக்கு அருகில் பிடித்த பிறகு குமிழைத் திருப்புங்கள், முன்பல்ல.