பராமரிப்பவரையும் பராமரிப்போம்
(முள்ளந்தண்டில் காயமடைந்தவரை வீட்டில் பார்க்கும் குடும்பங்களுக்கான பாடம்)

யுத்தத்தில் முள்ளந்தண்டில் காயமடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்வும் இயக்கமும் இழந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருக்கலாம். அவரை வைத்தியசாலையிலிருந்து கூட்டிவந்த நாளில் தாதியர் பல விடயங்களைச் சொல்லியிருப்பார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிடுங்கள், சிறுநீர்ப் பையைக் கவனியுங்கள், தோலைத் தினமும் பாருங்கள் என்று சொல்லியிருப்பார்கள். இவ்வளவையும் செய்யும் உங்களை யார் பார்ப்பது என்று அன்று எவரும் பேசியிருக்கமாட்டார்கள். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்

மீள்குடியேறித் தற்காலிக வீட்டில் இருக்கும் ஒரு தாய். செல் துண்டு பட்ட மகன் படுக்கையில் இருக்கிறார். பகலில் தாய் அவரைக் கழுவித் துடைக்கிறார், சமைக்கிறார், பொதுக் கிணற்றில் தண்ணீர் அள்ளிவருகிறார். இரவில் நான்கைந்து தடவை எழும்பி மகனைப் புரட்டிவிடுகிறார். சில மாதங்களில் அவருக்கு நாரி நோ தொடங்குகிறது. பிறகு காய்ச்சல் வந்து ஒரு கிழமை படுத்துவிடுகிறார். அந்த ஒரு கிழமையில் மகனின் பிட்டத்தில் படுக்கைப் புண் வந்துவிடுகிறது. பத்தாம் ஆண்டு படிக்கும் தங்கை பாடசாலைக்குப் போவதை நிறுத்துகிறாள்.

இது தாயின் கவனக்குறைவால் நடந்ததல்ல. பலர் பகிர வேண்டிய வேலை ஒருவர் தலையில் இருந்ததால் நடந்தது. நீங்கள் விழுந்தால் அவரும் விழுவார். ஆகவே உங்கள் ஓய்வும் அவருடைய பராமரிப்பின் ஒரு பகுதிதான்.

1. வேலையை எண்ணிப் பாருங்கள்

ஒரு கொப்பியில் ஒரு நாளின் வேலைகள் அனைத்தையும் எழுதுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டுவது என்றால் ஒரு நாளைக்கு 12 தடவை. இதோடு குளிப்பாட்டல், மலசலம், உடுப்புத் தோய்த்தல், தண்ணீர், சமையல், கிளினிக் பயணம் எல்லாம் சேரும். பிறகு ஒவ்வொரு வேலைக்கும் எதிரே எழுதுங்கள்: இதை அவரே செய்யலாமா? வேறொருவர் செய்யலாமா? நான்தான் செய்ய வேண்டுமா? மூன்றாவது வகையில் நீங்கள் நினைத்ததைவிடக் குறைவான வேலைகளே மிஞ்சும்.

2. அவருடைய கைகளும் உதவி செய்யும்

இடுப்புக்குக் கீழே மட்டும் பாதிக்கப்பட்டவருக்குக் கைகள் பலமாக இருக்கும். கட்டிலில் உறுதியான கயிறு ஒன்றைக் கட்டிக்கொடுத்தால், அதைப் பிடித்துத் தானே புரளப் பழகலாம். சக்கர நாற்காலியில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கி, பிட்டத்தில் உள்ள அழுத்தத்தைக் குறைக்கலாம். சிறு கண்ணாடி ஒன்றின் உதவியுடன் தன் தோலைத் தானே பார்க்கலாம். கழுத்தில் காயமடைந்து கைகளும் இயங்காதவர்கூட நேரம் பார்த்து, “இப்போது புரட்டுங்கள்” என்று சொல்லும் பொறுப்பை ஏற்கலாம்.

எல்லாவற்றையும் நீங்களே செய்துகொடுப்பது அன்பாகத் தோன்றும். ஆனால் அவரால் முடிந்ததை அவரிடம் விடுவதே அவருக்கு மதிப்பு, உங்களுக்கு ஓய்வு.

3. இரவை இரண்டாகப் பிரியுங்கள்

வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால், நள்ளிரவு வரை ஒருவர், அதன்பின் மற்றவர் என்று முறை வையுங்கள். ஒருவர் மட்டும் இருந்தால், கிழமையில் இரண்டு இரவாவது வந்து தங்கும்படி உறவினர் ஒருவரைக் கேளுங்கள்.

நல்ல மெத்தையும், முழங்கால்களுக்கு இடையிலும் கணுக்காலின் கீழும் தலையணையும் இருந்து, தோல் சிவக்காமலும் இருந்தால், இரவில் புரட்டும் இடைவெளியைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். இதை உங்கள் விருப்பப்படி செய்யாதீர்கள். தாதியிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்டு, ஒவ்வொரு காலையும் தோலைப் பார்த்துச் செய்யுங்கள். சிவந்த அல்லது கறுத்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது நிறம் மாறாமல் இருந்தால் புண் தொடங்குகிறது என்று அர்த்தம். மாநிறத் தோலில் நிறம் தெரியாவிட்டால், சூடாகவோ தடிப்பாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடம் ஆறும்வரை அதன்மேல் படுக்க விடாதீர்கள். அதைத் தேய்க்கவும் வேண்டாம்.

4. உங்கள் நாரியைக் காப்பாற்றுங்கள்

தனியாகத் தூக்காதீர்கள். அவருக்குக் கீழே தடித்த சீலை ஒன்றை விரித்து, இருவர் இரு பக்கமும் பிடித்து நகர்த்துங்கள். குனியும்போது முதுகை வளைக்காமல் முழங்காலை மடியுங்கள். கட்டிலின் உயரம் சக்கர நாற்காலியின் இருக்கைக்குச் சமமாக இருந்தால், வழுவழுப்பான பலகை ஒன்றின்மேல் அவர் நகர்ந்து மாறலாம். கட்டில் உயரம் குறைவென்றால், நான்கு கால்களின் கீழும் அசையாத மரக்கட்டைகளை வைத்து உயர்த்துங்கள்.

5. எங்கே கேட்கலாம்?

கிராம அலுவலர்: குடும்ப விபரம், வதிவிடம் ஆகியவற்றை உறுதிப்படுத்தும் கடிதம் தருவார். இடப்பெயர்வில் தேசிய அடையாள அட்டை தொலைந்திருந்தால் புதிய பிரதிக்கான விண்ணப்பமும் அவர் ஊடாகவே தொடங்கும்.

பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர்: மாதாந்த உதவித்தொகை, சக்கர நாற்காலி, மலசலகூட வசதி போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். காத்திருப்புப் பட்டியல் இருந்தால் உங்கள் பெயர் பதியப்பட்டதா என்று கேட்டு, திகதியைக் குறித்து வையுங்கள். அடையாள அட்டைப் பிரதி, வைத்தியசாலை நோய் நிர்ணய அட்டை, கிராம அலுவலரின் கடிதம், வங்கிப் புத்தகப் பிரதி ஆகியவற்றை ஒரே உறையில் வைத்திருந்தால் அலைச்சல் குறையும். நோய் நிர்ணய அட்டை இல்லையென்றால் கிளினிக்கில் வைத்திய அறிக்கை கேளுங்கள்.

சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர்: பராமரிப்புக்காகப் பிள்ளை பாடசாலையை விட்டிருந்தால் இவரிடம் சொல்லுங்கள். பிள்ளை மாலையில் சிறிது நேரம் அண்ணனுக்குத் துணையாக இருக்கலாம். முழுப் பொறுப்பும் பிள்ளையுடையதாக இருக்கக் கூடாது.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்: கிளினிக் நாளில் வீட்டைப் பார்க்க, தண்ணீர் அள்ளித்தர, ஓட்டோச் செலவைப் பகிர உதவி கேட்கலாம்.

வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆகவே அலுவலகத்தில் நிற்கும்போது இரந்து கேட்பதாக நினைக்க வேண்டாம்.

6. மனச்சுமை

கோபம் வரும். அவர்மேல் கத்திவிட்டுப் பிறகு அழுவீர்கள். “அன்றைக்கே போயிருந்தால் அவருக்கும் நிம்மதி” என்ற எண்ணம்கூட வரலாம். அந்த எண்ணம் வந்ததால் நீங்கள் கெட்ட மனிதர் அல்ல. உங்கள் உடலும் மனமும் களைத்துவிட்டன என்பதே அதன் பொருள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். நித்திரையின்மை, பசியின்மை, அழுகை இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையோ வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ நாடுங்கள். உயிரை மாய்க்கும் எண்ணம் உங்களுக்கோ அவருக்கோ வந்தால் அன்றே போங்கள்; தனியாக இருக்க வேண்டாம்.

உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டியவை

• நடுக்கத்துடன் காய்ச்சல், கலங்கிய அல்லது நாற்றமுள்ள சிறுநீர்
• சிறுநீர்க் குழாயில் சிறுநீர் வராமல் நிற்பது
• தோல் உடைந்த அல்லது நாற்றமடிக்கும் புண்
• கழுத்திலோ மேல் முதுகிலோ காயமடைந்தவருக்குத் திடீரெனக் கடும் தலையிடி, முகம் சிவந்து வியர்த்தல். இது உயிராபத்தானது. உடனே நிமிர்த்தி இருத்துங்கள், இறுக்கமான உடுப்பைத் தளர்த்துங்கள், குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள், தாமதிக்காமல் கொண்டுபோங்கள்.

கலந்துரையாடுவோம்

1. உங்கள் வீட்டில் இரவில் எழும்புவது யார்? கடைசியாக அவர் முழு இரவும் நித்திரை கொண்டது எப்போது?
2. உதவி கேட்க உங்களைத் தடுப்பது எது: வெட்கமா, ஊர்ப்பேச்சா, யாரும் வரமாட்டார்கள் என்ற எண்ணமா?
3. உங்கள் கிராமத்தில் இப்படியான குடும்பங்கள் எத்தனை? மாதம் ஒருமுறை அவர்கள் எங்கே கூடலாம்?

இந்தக் கிழமை செய்யுங்கள்: கொப்பியில் எழுதிய வேலைகளில் ஒன்றைத் தெரிவு செய்து, ஒருவரின் பெயரை அதற்கு எதிரே எழுதி, அவரிடம் நேரில் போய்க் கேளுங்கள்.