ஆன்லைனில் பெரிய டி.வி.: பில் யார் பெயரில்?



ஆன்லைன் வியாபாரத்தால் சில்லறைக் கடைகள் படும் பாட்டைப் பற்றி நம் சங்கக் கூட்டங்களில் பேசாத மாதமில்லை. கூட்டம் முடிந்து வீடு திரும்பிய பிறகு அதே உறுப்பினர்களில் பலர் கைபேசியைத் தட்டி டி.வி. வாங்குகிறார்கள் என்பதும் நாம் அறிந்ததே. அது சரியா, தவறா என்ற பட்டிமன்றத்தை இங்கே நடத்தப் போவதில்லை. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் வணிகர் வாங்குகிற மாதிரி வாங்க வேண்டும். துவரம் பருப்பு மூட்டையைக் குத்தி நாலு மணியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் விலை பேசாத நாம், அரை லட்ச ரூபாய்ச் சரக்கைப் படத்தைப் பார்த்தே வாங்கி விடுகிறோம்.

இப்போது இந்த விஷயத்தை எழுதக் காரணம் உண்டு. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. (32 அங்குலம் வரை உள்ளவற்றுக்கு 2019 ஜனவரி முதலே 18 சதவீதம்தான்.) அடக்க விலை 50,000 ரூபாய் உள்ள டி.வி. முன்பு வரியுடன் 64,000, இப்போது 59,000. பெரிய டி.வி. பக்கம் பலருடைய பார்வை திரும்பியிருப்பதில் ஆச்சரியமில்லை. வீட்டுக்கு மட்டுமல்ல, கடையில் காமிரா காட்சிகளைப் பார்க்கவும், அன்றைய விலைப்பட்டியலை வாடிக்கையாளருக்குக் காட்டவும் 43 அங்குலம், 55 அங்குலம் என்று மாட்டுகிறார்கள்.

கடைக்கா, வீட்டுக்கா?

ஆர்டர் கொடுக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் தீர்மானிக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். விலை, அங்குலம், கம்பெனி எல்லாம் இதற்குப் பிறகு.

கடை உபயோகத்துக்கு என்றால், கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து வாங்கினால் மேற்சொன்ன 9,000 ரூபாய் வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக் கொள்ளலாம். விற்பவர் தமிழ்நாட்டில் பதிவு பெற்றவர் என்றால் மத்திய வரி 4,500, மாநில வரி 4,500 என்று பில்லில் இருக்கும். கர்நாடகத்திலிருந்தோ மராட்டியத்திலிருந்தோ பில் வந்தால் ஐ.ஜி.எஸ்.டி. 9,000 என்று ஒரே வரியாக இருக்கும். இரண்டையும் எடுக்கலாம். வெளிமாநிலப் பில் என்று பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் எண்ணை ஆர்டர் கொடுக்கும்போதே பதிய வேண்டும். எல்லா விற்பனையாளரும் வணிகப் பில் தருவதில்லை; தருகிறவர்களின் பக்கத்தில் அதற்கான குறிப்பு இருக்கும். சரக்கு வந்தபிறகு "எங்கள் எண்ணைப் போட்டு வேறு பில் கொடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் நடக்காது. எண் இல்லாத பில் நம்முடைய ஜி.எஸ்.டி.ஆர். 2-பி பட்டியலில் வராது. பட்டியலில் வராததை எடுக்க முடியாது. வந்ததை எடுக்கவும் கெடு உண்டு: நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30, அல்லது அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாள், இதில் எது முந்தியதோ அது.

காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் உறுப்பினர்களுக்கு உள்ளீட்டு வரி கிடையாது. அவர்கள் இந்தக் கணக்கில் மனதைச் செலுத்தாமல் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

எண் இருக்கிறதே என்று வீட்டு ஹாலில் மாட்டுவதற்கும் கடை எண்ணைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரி இல்லை என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. தணிக்கையில் "டி.வி. எங்கே?" என்று கேட்டால் சுவரில் இருக்கும் ஆணியைக் காட்ட முடியாது. எடுத்த வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டி வரும். கடைக்கென்று வாங்கி வரியை எடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து அதை நிரந்தரமாக வீட்டுக்குக் கொண்டு போனாலும், பைசா கைமாறாவிட்டாலும், அதை விற்பனை மாதிரியே சட்டம் பார்க்கிறது. இன்னொன்று: வரியை எடுத்துக் கொண்டால் புத்தகத்தில் டி.வி.யின் மதிப்பு 50,000 என்றுதான் ஏற வேண்டும். 59,000 என்று ஏற்றி முழுத்தொகைக்கும் தேய்மானம் கேட்டால் வரிச் சலுகை போய்விடும். உங்கள் கணக்காளரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைக்கவும்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்திருக்கலாம். தெரியாதது இதன் மறுபக்கம்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆன்லைனில் வாங்குபவரும் அதன்படி நுகர்வோரே. ஆனால் மறுவிற்பனைக்கோ, வணிக நோக்கத்துக்கோ வாங்குபவர் நுகர்வோர் அல்லர். கடை எண்ணில் பில் வாங்கி, டி.வி. பழுதாகி, நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது அந்தப் பில்லைத்தான். "இவர் வணிகர், வணிகத்துக்கு வாங்கினார், மனுவே செல்லாது" என்பார். நாம் பதில் சொல்ல வழியில்லாமல் இல்லை. சுயதொழில் செய்து அதில் வரும் வருமானத்தில் பிழைப்பு நடத்துபவர், அதற்காக மட்டுமே தாமே பயன்படுத்த வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. வணிக நோக்கம் என்பதை நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பின் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமும் 2024-இல் ஒரு சீட்டு நிறுவன வழக்கில் கூறியிருக்கிறது. கணவனும் மனைவியுமாக நடத்தும் மளிகைக்கடைக்கு இந்த வாதம் பொருந்தலாம்; பத்து ஆள் வேலை செய்யும் மொத்தக் கடைக்குச் சொல்வது கஷ்டம்.

உத்தரவாதச் சீட்டிலும் இதே வில்லங்கம் உண்டு. சில கம்பெனிகளின் சீட்டில் "வீட்டு உபயோகத்துக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் இருக்கும். கடையில் மாட்டியதைச் சர்வீஸ் ஆள் வந்து பார்த்தால் உத்தரவாத காலம் குறையலாம், இல்லாமலும் போகலாம். ஆகவே 9,000 ரூபாய் வரி லாபத்தை ஒரு தட்டிலும், உத்தரவாதத்தையும் ஆணையத்துக்குப் போகும் உரிமையையும் மறு தட்டிலும் வைத்துப் பாருங்கள். என் அபிப்பிராயம்: கடைக்கு என்றால் கடை எண்ணிலேயே வாங்கி, வணிக உபயோகத்துக்கு உத்தரவாதம் உண்டா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக் கொள்ள வேண்டும். வீட்டுக்கு என்றால் வீட்டார் பெயரில், எண் இல்லாமல், தனிக் கணக்கிலிருந்து பணம் கட்டி வாங்க வேண்டும். இரண்டையும் கலப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் வம்பு.

சரக்கின் தரம்

அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. 55 அங்குல டி.வி. ஏறக்குறைய 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம். கடைச் சுவரில் அலமாரிகளுக்கு நடுவே இடம் இருக்கிறதா என்று டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு ஆர்டர் கொடுக்கவும்.

தரத்தைச் சொல்லும் வார்த்தைகளில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். "எச்.டி. ரெடி" என்றால் பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிகள். "ஃபுல் எச்.டி." 1920க்கு 1080. "4கே" அல்லது "அல்ட்ரா எச்.டி." 3840க்கு 2160, அதாவது ஃபுல் எச்.டி.யைப் போல நான்கு மடங்கு. மூன்றும் பெயரில் எச்.டி.தான்; பொன்னியும் பொன்னி, டீலக்ஸ் பொன்னியும் பொன்னி என்கிற மாதிரி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் என்ன இருந்தாலும் கீழே விவரப் பட்டியலில் "ரெசல்யூஷன்" என்ற இடத்தில் உள்ள எண்ணை மட்டும் பார்க்கவும். "4கே வீடியோவை ஏற்கும்" என்று எழுதியிருந்தால் திரை 4கே என்று அர்த்தமல்ல. 4கே வீடியோவை வாங்கிக் குறைத்துக் காட்டுவதையும் அப்படிச் சொல்லலாம்.

நல்ல திரை வாங்கியும் படம் மங்கலாக இருக்கிறது என்று சிலர் புலம்புவதற்குக் காரணம் டி.வி. அல்ல. சாதாரண கேபிள் பெட்டி அனுப்பும் படம் 720க்கு 576 புள்ளிகள்தான். அதை 55 அங்குலத்துக்கு இழுத்தால் மங்கத்தான் செய்யும். எச்.டி. பெட்டியும் எச்.டி. சானல் கட்டணமும் சேர்த்தே செலவைக் கணக்கிட வேண்டும். கடைக் காமிராவுக்கு என்றால், உங்கள் ரெக்கார்டர் வெளியே அனுப்பும் படம் ஃபுல் எச்.டி. என்றால் 4கே திரைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். காமிரா காட்சியும் விலைப்பட்டியலும் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பவை. ஓ.எல்.இ.டி. திரையில் அவை நிழல் போலப் பதிந்துவிடக் கூடும், எல்.இ.டி. போதும். காலை ஆறு முதல் இரவு பத்து வரை ஓட வேண்டும் என்றால் வணிகத்துக்கென்றே செய்த திரைகள் தனியாக உண்டு. விலை கூடுதல், ஆனால் உத்தரவாதப் பிரச்சினை வராது.

டி.வி.யின் முதுகில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் "ஆர்" என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற கைபேசிச் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்கு வழங்கப்பட்டது என்று தெரியும். கேள்விப்படாத பெயரில் மலிவாக வரும் டி.வி.க்கு இந்தச் சோதனை அவசியம்.

விற்பவர் யார்?

கமிஷன் மண்டி நடத்துபவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. இடம் மண்டிக்காரருடையது, சரக்கு இன்னொருவருடையது. அந்நிய முதலீடு உள்ள ஆன்லைன் சந்தைகள் சரக்கைத் தாங்களே வைத்து விற்கக் கூடாது. 2019 பிப்ரவரி 1 முதல் அந்த விதி இன்னும் இறுக்கப்பட்டது. ஆகவே தளத்தின் பெயர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் பில் போடுபவர் வேறொருவர். அவருடைய பெயர், விலாசம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அந்தப் பெயரை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒரே மாடலுக்கு நான்கு விற்பனையாளர் இருப்பார்கள். கம்பெனி உத்தரவாதம் செல்லுமா என்பதைக் கம்பெனியின் இலவச எண்ணில் கேட்டுவிடலாம்.

விலையைக் குறித்துக் கொண்டு உள்ளூர் டீலரிடமும் ஒரு தரம் கேளுங்கள். பொருத்திக் கொடுப்பது, சுவர் சட்டம், பழைய டி.வி. எடுப்பது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் சில நூறு ரூபாயில் நிற்பதும் உண்டு.

"வட்டியில்லாத் தவணை" என்பதை வணிகர்கள் நம்பக் கூடாது. வட்டியில்லாக் கடன் என்ற ஒன்றே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டியை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழித்துவிட்டு, வங்கி அதைத் தவணையில் வசூலிக்கும். கிரெடிட் கார்டு தவணையானால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நம் தலையில். வட்டி 3,000 என்று வைத்துக் கொண்டால் வரி 540, பிராசஸிங் கட்டணம் தனி. ரொக்கத்துக்குத் தள்ளுபடி உண்டா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பெட்டி வந்ததும்

லாரியில் மூட்டை நனைந்து வந்தால் ரசீதில் எழுதாமல் கையெழுத்துப் போடுவோமா? இங்கேயும் அப்படியே. பெரிய திரை எப்போதும் நிற்க வைத்தே வர வேண்டும். குட்டி யானையில் படுக்கப் போட்டுக் கொண்டு வந்திருந்தால் உடனே படம் எடுத்துக் கொள்ளவும். வந்தவரிடம் ஓ.டி.பி. எண்ணைச் சொல்வது கையெழுத்துப் போடுவதற்குச் சமம். பெட்டியைத் திறந்து காட்டித் தரும் வசதி இருந்தால் திறந்து பார்த்து, முடிந்தால் மின்சாரம் கொடுத்துப் பார்த்த பிறகே எண்ணைச் சொல்ல வேண்டும். சில கம்பெனிகள் தங்கள் ஆள் வந்துதான் பெட்டியைத் திறக்க வேண்டும் என்கின்றன. அப்படியானால் பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுத்து வைத்து, ஆள் வந்து திறப்பதை ஆரம்பம் முதல் வீடியோ எடுக்கவும். திரையின் உடைசலுக்கு உத்தரவாதம் கிடையாது. நம் கையில் உடைந்தது அல்ல என்று காட்ட வேறு சாட்சி இல்லை.

பெரிய டி.வி.க்குப் பெரும்பாலும் "மாற்றித் தரப்படும்" என்றுதான் இருக்கும், பணம் திரும்பாது. எத்தனை நாள் என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக் கொள்ளவும். அந்த நாட்கள் முடியும்வரை அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் பழைய பேப்பர்காரரிடம் போடக் கூடாது.

குறை இருந்தால் தளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுக்கவும். 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. பழுதான, அல்லது விளம்பரத்தில் சொன்ன குணம் இல்லாத சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் மறுக்க முடியாது. அதற்கும் அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கடைசியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நாம் குடியிருக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம், விற்பவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, கெடு இரண்டு ஆண்டு. மனுவோடு பில் நகல், பெட்டியின் படங்கள், புகார் எண், வந்த பதில்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைத்துக் கொடுக்கவும்.