உங்கள் சந்தைத் திலாப்பியா ஓரினமா?

அன்புள்ள ஒலுவில் வாசகருக்கு,



கல்முனைச் சந்தைக்கு வரும் குளத்துத் திலாப்பியாவில் சிலது கறுப்பு, சிலது வெளிறல், சிலதின் வாலில் கோடு. எல்லாம் ஓரினமா என்று கேட்டிருந்தீர்கள். நிறத்தை நம்பாதீர்கள். இனப்பெருக்கக் காலத்தில் மொசாம்பிக் திலாப்பியாவின் ஆண் மீன் கறுத்துவிடும். வால் கோடு நைல் திலாப்பியாவின் அடையாளம்தான். ஆனால் கலப்பு மீனில் அதை வைத்து முடிவு சொல்ல முடியாது.

மொசாம்பிக் திலாப்பியா இலங்கைக்கு வந்தது 1952இல். நைல் திலாப்பியா 1970களில் வந்தது. இரண்டும் நம் குளங்களில் ஒன்றோடொன்று கலந்தன. தென்னிலங்கைக் குளங்களில் அப்படிக் கலந்ததற்கான உயிரிரசாயனச் சான்று 1989இல் ஓர் ஆய்வாக வெளியானது.

இப்படிப்பட்ட சான்றைத் தசையிலும் தேடலாம். வலைக்குத் தப்ப மீன் திடீரெனப் பாயும்போது தசைக்கு ஒட்சிசன் போதாது. அந்நேரம் சக்தி தொடர்ந்து கிடைக்க உதவுவது லக்டேற் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியம். நான்கு புரதத் துண்டுகள் சேர்ந்தது அது. பரம்பரையலகில் ஒரு மாற்றம் வந்து, ஓர் அமினோவமிலம் மாறினால், புரதத்தின் மின்னேற்றமும் மாறக்கூடும்.

தசைச் சாற்றை மாப்பொருள் ஜெல்லில் வைத்து மின்னோட்டம் செலுத்தினால், ஏற்றம் வேறான புரதங்கள் வேறு தூரம் நகரும். இந்நொதியத்தை மட்டும் காட்டும் சாயமிட்டால் பட்டைகள் தெரியும். தாயிடமும் தகப்பனிடமும் ஒரே வடிவம் பெற்ற மீனுக்கு ஒரு பட்டை. வெவ்வேறு வடிவம் பெற்றதற்கு ஐந்து, ஏனென்றால் இரு வகைத் துண்டுகள் நான்கு நான்காகச் சேர ஐந்து வழி உண்டு. ஆனால் ஒரே இனத்துக்குள்ளும் இவ்வேறுபாடு இருக்கும். ஆகவே ஐந்து பட்டை கண்டதும் கலப்பு என்று சொல்லிவிட முடியாது. பல நொதியங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த வேறுபாடு வீணானதல்ல. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரக் கில்லி மீனில் இந்நொதியத்தின் இன்னொரு வகைக்கு வடக்கே ஒரு வடிவம், தெற்கே வேறு வடிவம் மிகுதி. வடக்கு வடிவம் குளிர்நீரில் நன்றாக வேலை செய்கிறது. மாறும் தண்ணீருக்கு ஈடுகொடுக்க மீன் கூட்டத்துக்கு இப்படியான கையிருப்பு வேண்டும். சில தாய் மீன்களிலிருந்தே குஞ்சு பொரிக்க வைத்து ஆண்டுதோறும் குளத்தில் விட்டால் அந்தக் கையிருப்பு குறைந்துபோகும்.

அதனால் குளத்தில் விடும் குஞ்சின் எண்ணிக்கையை மட்டும் கேட்காதீர்கள். எத்தனை தாய் மீன்களின் குஞ்சு, அந்தத் தாய் மீன்கள் எந்த வழிவந்தவை என்றும் கேளுங்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில்தான் இருக்கிறது. நம் குளத்து மீனை அங்குள்ள மாணவர் ஒருவர் ஆராய முன்வந்தால், உங்கள் கேள்விக்கு என்னைவிட நல்ல பதில் கிடைக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்